கூரை கொதிக்கிறது — எந்த விதியால்?

"தலைவிதி, அண்ணா!" என்றான் அந்தத் தம்பி.

வடக்குப்பட்டு — ஒரகடத்தை அடுத்த சிற்றூர். மாலை நேரம். தேநீர்க்கடைப் பலகையில் என் பக்கத்தில் வந்தமர்ந்தவன் தேநீர் கேட்கவில்லை, தண்ணீர் கேட்டான். ஒரு சொம்பு குடித்தான். இன்னொரு சொம்பு குடித்தான். மூன்றாவதையும் அண்ணாந்து குடித்து முடித்த பிறகுதான் பேச்சு வந்தது. அவனுடைய நீலச் சட்டையின் முதுகிலே வெள்ளை வெள்ளையாய்க் கோடுகள். சுவரிலே சாய்ந்தபோது ஒட்டிய சுண்ணாம்போ என்று எண்ணினேன். சுண்ணாம்பல்ல, தோழர்களே, உப்பு! காலை முதல் வழிந்த வியர்வை காய்ந்து, காய்ந்த இடத்திலே மீண்டும் வழிந்து, மீண்டும் காய்ந்து, அவன் முதுகிலே எழுதி வைத்த கணக்கு!

பெரிய ஆலைகளுக்கு உதிரிப் பாகம் அடித்துத் தரும் ஒரு சின்னப் பட்டறையிலே அவன் ஒப்பந்தத் தொழிலாளி. பட்டறையின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் பட்டறைக்கு ஒன்றும் ஆகாது. பையனின் வேலைதான் போகும்! மேலே தகரக் கூரை. கீழே இயந்திரம். இரண்டுக்கும் இடையிலே மனிதன்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலே தகரமே அடுப்பு மாதிரி ஆயிடும், அண்ணா. போன மாசம் பக்கத்து மிஷின்காரர் மயங்கி விழுந்துட்டார். முகத்திலே தண்ணி அடிச்சு, ஒரு மணி நேரம் படுக்க வெச்சு, மறுபடி மிஷின்கிட்ட நிக்க வெச்சாங்க. அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலியைப் பிடிச்சுட்டாங்க. என்ன பண்றது? சித்திரையிலே வெயில் அடிக்காம பனியா பெய்யும்? எல்லாம் தலைவிதி!"

விதி! இந்த இரண்டெழுத்துச் சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள் உண்டு. ஒன்று, நெற்றியிலே எழுதியிருப்பதாகச் சொல்லப்படுவது. அதை எழுதியவனை எவரும் கண்டதில்லை. எழுத்தை எவரும் படித்ததில்லை. மற்றொன்று, அரசிதழிலே அச்சாகி வருவது. அதை எழுதுகிறவர் யார் என்று தெரியும். எந்த அலுவலகத்தில் எழுதுகிறார் என்றும் தெரியும். அதைப் படிக்கலாம், கேள்வி கேட்கலாம், மாற்றச் சொல்லலாம். தம்பியின் தலைக்கு மேலே கூரை கொதிப்பது முதல் விதியாலா, இரண்டாம் விதியாலா? அதைத்தான் இன்று உங்களோடு பேச வந்தேன்.

இந்தத் தொழிற்பாதையை ஒருமுறை மனக்கண்ணால் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம்! காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைப்பேசியும் இங்கிருந்து உலகத்துக்குப் போகின்றன. இப்போது மின்சாரக் காரும் உருவாகிறது. புகை கக்காத வண்டி; பச்சை நிற எண்பலகை மாட்டிய வண்டி; சூடேறும் உலகத்தைக் காக்கப் புறப்பட்ட வண்டி! மகிழ்ச்சிதான். வரவேற்கிறோம். ஆனால், கேட்கிறேன் — உலகத்தைக் குளிர வைக்கப் புறப்படும் வண்டிக்கு உறுப்புகளை அடித்துத் தருகிறவன் உலைக்களத்திலே வேகலாமா? வண்டியின் நெற்றியிலே பச்சை. அதைச் செய்தவன் முதுகிலே உப்பு! இதுதான் பசுமைப் பொருளாதாரமா?

"வெயில் இயற்கை, அதற்கு யார் என்ன செய்ய முடியும்?" என்று கைவிரிப்போர் உண்டு. வெயில் இயற்கை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால், வெயில் ஏறிக்கொண்டே போவது இயற்கை அல்ல. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகை வானத்தைப் போர்வையாய்ப் போர்த்தியிருக்கிறது. உலகு தழுவிய தொழிற்புரட்சிக்கு முன்பிருந்த நிலையைவிட 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டுச் சொன்னது. அளந்து வைத்த ஆண்டுகளிலேயே மிக வெப்பமான ஆண்டு அது. ஒன்றரை டிகிரிதானே என்று எண்ணாதீர்! உடம்பிலே ஒன்றரை டிகிரி ஏறினால் காய்ச்சல் என்று படுக்கிறோம். உலகம் எங்கே போய்ப் படுக்கும்?

வெயில் உடம்பை எப்படித் தாக்குகிறது? மண்பானையைப் பாருங்கள். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே நீர் குளிர்கிறது. மனிதனும் ஒரு மண்பானைதான்! வியர்வை ஆவியாக வேண்டும். அப்போதுதான் உடம்பு குளிரும். கடலோர மாவட்டங்களில் காற்றிலே ஈரம் மிகுதி. ஈரக் காற்று வியர்வையை ஏற்றுக்கொள்ளாது. வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடுகிறது. உப்பும் நீரும் போகின்றன. உள்சூடு மட்டும் போகவில்லை! அதனால்தான், வானொலி சொல்லும் டிகிரியை மட்டும் நம்புவதில்லை விஞ்ஞானிகள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று, கூரையும் இயந்திரமும் வீசும் அனலை அளக்கக் கறுப்புக் கோளம் ஒன்று — இவற்றைச் சேர்த்து அளக்கிறார்கள். தொழிலாளி உண்மையிலே படும் சூடு என்ன என்பதை அந்த அளவு காட்டிக் கொடுத்துவிடும்.

அளந்தவர்கள் எங்கோ சீமையில் இருப்பவர்கள் என்று எண்ண வேண்டாம். நம் போரூரிலே, ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்திலே, பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் ஆண்டுக்கணக்கில் தமிழ்நாட்டுப் பாட்டாளிகளின் நடுவே சென்று அளந்திருக்கிறார்கள். உப்பளத் தொழிலாளரைச் சோதித்தார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்குமேல், உடம்பு தாங்கலாம் என்று வகுக்கப்பட்ட வரம்பைத் தாண்டிய சூட்டிலே உழைக்கக் கண்டார்கள். 100க்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருக்கக் கண்டார்கள். உப்பு எடுக்கிறவன் உடம்பிலிருந்தே உப்பை எடுத்துக்கொண்டுவிட்டது வெயில்!

இன்னொன்றையும் கேளுங்கள், கேட்கும்போது நம் வீட்டுப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். 2017இல் தொடங்கி, தமிழ்நாட்டிலே உழைக்கும் கர்ப்பிணிப் பெண்கள் 800 பேரைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தது அதே குழு. ஏறக்குறையப் பாதிப் பேர் கடும் வெப்பத்திலே வேலை செய்தவர்கள். அவர்களுக்குக் கருச்சிதைவு ஏற்படும் ஆபத்து, மற்றவர்களுக்கு இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் என்று கண்டார்கள். பிறக்காத பிள்ளை! அது என்ன வினை செய்தது? எந்தப் பிறவிப் பாவம் அதன் நெற்றியிலே எழுதப்பட்டது? எவனும் எழுதவில்லை, தோழர்களே! நிழல் தராத வேலையிடம் எழுதியது. தண்ணீர் தராத மேஸ்திரி எழுதினான். கழிப்பிடம் இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் தாகத்தை விழுங்கிய தாயின் நாக்கிலே எழுதப்பட்டது!

உலக அளவிலே கணக்குப் பார்த்தால், 240 கோடித் தொழிலாளர் கடும் வெப்பத்துக்கு ஆளாகின்றனர். வேலையிடத்து வெப்பத்தால் ஆண்டுக்கு 18,970 பேர் மடிகின்றனர் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் அறிவித்தது. போர்க்களம் அல்ல, வேலைக்களம்!

"உணர்ச்சி பேசுகிறீர், எங்களுக்குக் கணக்குப் பேச வேண்டும்" என்று முதலாளியின் பக்கத்து மேதாவிகள் சொல்லக்கூடும். பேசுவோமே! இந்தியத் தொழிற்சாலைகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஈ. சோமநாதனும் மற்றவர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்விலே கண்டது என்ன? ஆண்டுச் சராசரி வெப்பம் 1 டிகிரி ஏறினால் ஆலையின் உற்பத்தி ஏறத்தாழ 2 விழுக்காடு இறங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனமும் உலக வானிலை அமைப்பும் 2025இல் கூட்டாகச் சொன்னது என்ன? ஈரமும் அனலும் சேர்த்து அளந்த அந்த அளவு 20 டிகிரியைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் உழைப்புத் திறன் 2 முதல் 3 விழுக்காடு குறைகிறது. ஆகவே, கொதிக்கும் கூரை தொழிலாளியின் உயிரைக் குடிப்பதோடு நிற்கவில்லை. முதலாளியின் இலாபத்தையும் குடிக்கிறது! மயங்கி விழுந்தவனின் ஒரு மணி நேரக் கூலியைப் பிடித்தவர், மயங்காமல் நின்ற ஐம்பது பேரின் கையிலிருந்து கூரை பிடித்துக்கொண்ட கூலிக்கு யாரிடம் கணக்குக் கேட்டார்?

நோய் இது. மருந்து உண்டா? உண்டு! அதுவும், ஏழைக்கு எட்டாத மருந்து அல்ல.

அமெரிக்காவிலே பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. மேலே விழும் வெயிலை விழுங்காமல் திருப்பி அனுப்பும் வண்ணப்பூச்சு ஒன்றைத் தேடினார்கள். 2020இல் அவர்கள் செய்த பூச்சு, விழுகிற வெயிலிலே 95.5 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பியது. உச்சி வெயிலிலும், சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து நின்றது அந்தப் பரப்பு! 2021இல் வேறொரு பொருளைக் கொண்டு 98.1 விழுக்காட்டை எட்டினார்கள். முதற்பூச்சிலே அவர்கள் கலந்தது என்ன தெரியுமா? கால்சியம் கார்பனேட். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று மலைக்காதீர்! பொங்கலுக்கு முன்பு நம் பாட்டி சுவரிலே அடித்த சுண்ணாம்பு, காற்றுப் பட்டு இறுகி என்னவாக ஆகிறதோ, அதே பொருள்! துகள்களைப் பல அளவிலே பொடித்துச் சேர்த்ததும், வெயிலின் கதிர் எதுவும் தப்பாதபடி செய்ததும் அவர்கள் அறிவு. வெள்ளை அடித்தால் வீடு குளிரும் என்பது நம் பாட்டியின் அறிவு. இரண்டும் ஒன்றை ஒன்று சந்தித்துக் கைகுலுக்குகின்றன.

இத்தகைய வெண்பூச்சை மேற்கூரையில் அடித்தால் உள்ளே 2 முதல் 5 டிகிரி வரை சூடு தணியும் என்பது இந்திய நகரங்களிலே செய்து பார்த்துக் கண்ட அனுபவம். உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும் — தகரத்தின்மேல் வெறுஞ்சுண்ணாம்பு நிற்காது. ஒரு மழைக்கே வழிந்துவிடும். தகரத்துக்கென்று செய்த வெண்பூச்சு வேண்டும். தூசி படிந்தால் கழுவ வேண்டும். சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். உள்ளேயே உலை எரிகிற பட்டறைக்கு இது மட்டும் போதாது. அனற்காற்று வெளியேற வழியும் வேண்டும். ஆனால், எது போதாது என்று சொல்வது வேறு. எதுவுமே செய்யாமல் இருப்பது வேறு!

கூரை இன்றைய சூட்டைத் தணிக்கும். நாளைய சூட்டைத் தணிக்க இன்னோர் ஆராய்ச்சி இருக்கிறது. அது நம் கிண்டிக்கு அருகிலேயே நடக்கிறது. இந்தத் தொழிற்பாதை முழுவதும் எழும்பி நிற்கும் கட்டடங்களின் உயிர் எது? சிமெண்டு. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 100க்கு 8 பங்கு சிமெண்டால் வருகிறது. சுண்ணாம்புக் கல்லை 1,450 டிகிரியிலே சுடுகிறார்கள். சுடுவதற்கு எரிக்கும் நெருப்பு ஒரு பங்கு புகை தருகிறது. சுடப்படும் கல்லே, தன்னுள் அடைபட்டிருந்த வாயுவை வெளியே விட்டு அதைவிடப் பெரும் பங்கு தருகிறது. சுவிட்சர்லாந்து, கியூபா, இந்திய நாடுகளின் ஆராய்ச்சியாளர் சேர்ந்து — அதிலே சென்னை ஐ.ஐ.டி.யும் டெல்லி ஐ.ஐ.டி.யும் முன்நின்று — ஒரு மாற்று கண்டனர். அந்தச் சுட்ட கல்லின் அளவைப் பாதியாக்கு. 30 பங்கு சுட்ட களிமண் சேர். 15 பங்கு சுடாத சுண்ணாம்புக்கல் தூள் சேர். மீதிக்கு ஜிப்சம் சேர்! களிமண்ணைச் சுட 700, 800 டிகிரி போதும். கரியமில வாயு ஏறக்குறைய 40 விழுக்காடு வரை குறைகிறது. 2023இல் இதற்கு இந்தியத் தர முத்திரையின் இலக்கணமும் வகுக்கப்பட்டுவிட்டது.

சுட்ட களிமண்! இதைக் கேட்டபோது எனக்கு வடக்குப்பட்டின் மண்தான் நினைவுக்கு வந்தது. 2022இல் இந்தியத் தொல்லியல் துறை இந்த ஊரிலே தோண்டியது. ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மனிதன் செதுக்கிய கற்கருவிகள் வெளிவந்தன. அதற்கும் மேலே, பிற்காலத்தில் மண்ணைச் சுட்டுச் செய்த செங்கற் கட்டடம். கண்ணாடி மணிகள், பொன் அணி, ரோம நாட்டுச் சாடியின் உடைந்த ஓடுகள்! கல்லால் கருவி செய்தவன், கல் போதாதென்று கண்டு மண்ணைச் சுட்டான். மழையும் வெயிலும் தலைவிதி என்று அன்றைக்கே அவன் குந்தியிருந்தால், இந்த மண்ணிலே ஒரு செங்கல்லும் இருந்திருக்காது. இன்றைக்கு ஒரு ஆலையும் இருந்திருக்காது. அந்த மண்ணின் மேலே நின்றுகொண்டா "தலைவிதி" என்கிறாய், தம்பி?

அறிவு ஆயத்தமாக இருக்கிறது. பொருள் ஆயத்தமாக இருக்கிறது. இல்லாதது எது? இரண்டாம் விதி — சட்டவிதி!

சட்டம் இதை அறியாததா? இல்லை! 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 13ஆம் பிரிவு. உடல்நலம் கெடாத வெப்பநிலையே ஆலைக்குள் இருக்க வேண்டும். சுவரும் கூரையும் அதற்கேற்ற பொருளால், அதற்கேற்ற அமைப்பில் இருக்க வேண்டும் என்றது. அத்தோடு விட்டதா? வெள்ளை அடித்தல், நீர் தெளித்தல், கூரையை உயர்த்துதல், இரட்டைக் கூரை போட்டு இடையிலே காற்று விடுதல், சூடு தாங்கும் பொருளால் கூரை வேய்தல் — இத்தனை வழிகளையும் பெயர் சொல்லி எழுதியிருந்தார்கள் அன்றைக்கே! இன்றைய விஞ்ஞானி ஆராய்ச்சிக் கூடத்திலே கண்டதை அன்றைய சட்டப் புத்தகம் பேசியது. புத்தகத்திலே வெள்ளை அடித்தார்கள், கூரையிலே அடிக்கவில்லை!

இப்போது அந்தச் சட்டமும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய தொழிற்சாலைச் சட்டம் அவற்றுக்குள் கரைந்துவிட்டது. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் 23ஆம் பிரிவு என்ன சொல்கிறது? காற்றோட்டம், வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றுக்கு அரசு வகுக்கும் விதிப்படி முதலாளி நடக்க வேண்டும் என்கிறது. பார்த்தீர்களா? சட்டத்திலே இருந்த கூரை, விதிக்குப் போய்விட்டது! ஆபத்தும் அங்கேதான், வாய்ப்பும் அங்கேதான்! மழுப்பலாக எழுதினால், இருந்ததும் போகும். உறுதியாக எழுதினால், 1948இல் ஏட்டளவில் நின்றது இப்போது கூரை ஏறும்.

தமிழகம் செய்யக்கூடிய மாநிலம்தான். கடையிலே நாள் முழுதும் நின்றே வேலை செய்த பெண்களுக்கும் ஆண்களுக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்திய மாநிலம் இது. ஒரு நாற்காலி சட்டமாகியிருக்கிறது. ஒரு கூரை ஆகாதா? 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெப்பத்தால் மாண்டவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது அரசு. பாராட்டுகிறோம். ஆனால், செத்த பிறகு நாலு லட்சம் தருகிற கருணை, சாவதற்கு முன்னே நாலு வாளி வெண்பூச்சு அடிக்கச் சொல்லாதா? தெலங்கானா, 2023இலேயே குளிர்கூரைக் கொள்கை வகுத்து, அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. இங்கே அரசுப் பள்ளிகளின் கூரைக்கு வெண்பூச்சு பூசும் வேலை தொடங்கியிருக்கிறது. பிள்ளையின் கூரை குளிரட்டும். அப்பனின் கூரையும் குளிர வேண்டாமா?

ஆகவே, கேட்பது நான்கு.

முதலாவது, விதியிலே ஓர் எண் வேண்டும். "இயன்றவரை", "போதுமான அளவு" என்ற சொற்கள் வேண்டாம். அந்தச் சொற்களின் நிழலிலேதான் ஐம்பது டிகிரித் தகரம் ஒளிந்துகொள்கிறது! ஈரமும் அனலும் சேர்த்து அளந்த அளவு இத்தனையைத் தாண்டினால் வேலையை நிறுத்து, ஓய்வு கொடு என்று எண்ணாக எழுத வேண்டும். அந்த அளவுமானி பட்டறைச் சுவரிலே, தொழிலாளி கண்ணிலே படும்படி தொங்க வேண்டும்.

இரண்டாவது, சிப்காட் வளாகங்களிலே இனி எழும் எந்தக் கூரையும் குளிர்கூரையாக எழ வேண்டும். பழைய கூரைகளுக்குத் தவணை குறித்து வெண்பூச்சு அடிக்கச் சொல்ல வேண்டும். அரசு கட்டும் கட்டடங்களிலே களிமண் கலந்த புதுச் சிமெண்டுக்கு முதலிடம் தர வேண்டும்.

மூன்றாவது, வெப்பத்தால் எடுக்கும் ஓய்வுக்குக் கூலிப் பிடித்தம் கூடாது. குடிநீரும் நிழலும், பெண்களுக்குக் கழிப்பிடமும் இருந்தே தீர வேண்டும்.

நான்காவது, இவை நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் என்று கோடு கிழிக்கக் கூடாது. ஒப்பந்தக்காரனின் பட்டறையிலே வேகிறவனுக்கும் உண்டு; ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கட்டடத்தின் உச்சியிலே கம்பி கட்டுகிறவனுக்கும் உண்டு. வியர்வைக்கு மாநில எல்லை கிடையாது!

நடக்குமா என்று ஐயுறாதீர்! 1918இல், சென்னையிலே, பின்னி ஆலைத் தொழிலாளர் சங்கம் கண்டபோது, நண்பகலில் சோறு உண்ண நேரம் போதவில்லை என்பதும் அவர்களின் முதல் முறையீடுகளில் ஒன்று. சோற்றுக்கு நேரம் கேட்பதே குற்றமாக இருந்த காலம் அது. 1923இல் கடற்கரையிலே மே நாள் கொண்டாடிய சிங்காரவேலரைக் கண்டு நகைத்தவர்கள் எத்தனை பேர்! நகைத்தவர்கள் பெயர் இன்று எவருக்கும் தெரியாது. எட்டு மணி நேரம் நின்றது.

அன்று மாலை, வடக்குப்பட்டின் அந்தப் பலகையிலிருந்து எழுந்தபோது தம்பியிடம் ஒன்று சொன்னேன். "நாளைக்குப் பட்டறைக்குப் போகும்போது பத்துப் பேரிடம் கேள், இங்கே எத்தனை டிகிரி என்று. தெரியாது என்பார்கள். அப்படியானால் ஒரு வெப்பமானி வாங்கி மாட்டச் சொல்லலாமே என்று கேள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அது முறையீடு. ஆயிரம் பேர் சேர்ந்து கேட்டால் அது விதி!"

அவன் சிரித்தான். "எழுதிக் கொடுங்கண்ணா, எப்படிக் கேக்கணும்னு" என்றான்.

எழுதிவிட்டேன், தம்பி. இதோ, இந்த ஏட்டிலே இருக்கிறது. தேநீர்க்கடையிலே உரக்கப் படி. நெற்றியிலே எழுதியதை அழிக்க முடியாது என்பார்கள், எழுதியிருந்தால்தானே அழிப்பதற்கு! அரசிதழிலே எழுத வேண்டியதை எழுத வைப்போம், வா!